மூணு நாள் கழிச்சு வாங்க

எண்பதுகளின் தொடக்கத்தில் தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் துறையில் பி.ஜி.யாகச் சேர்ந்தேன். அங்கே அட்டெண்டரிலிருந்து புரொபசர் வரை எல்லாரும் ஒரே தொனியில் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "மூணு நாள் கழிச்சு வாங்க." ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் துண்டுச் சீட்டோடு நிற்பவர் நோயாளியின் தகப்பனாராக இருக்கலாம், வார்டு ஆயாவாக இருக்கலாம், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஹவுஸ் சர்ஜனாகவும் இருக்கலாம். பதில் மாறாது. ரேஷன் கடையில்கூட ஆளுக்கேற்ற பதில் கிடைக்கும்; எங்கள் துறையில் சமத்துவம் நிலவியது.

சோம்பலால் சொன்னதில்லை. முதல் நாள் சீழையோ சிறுநீரையோ அகார் தட்டில் கோடு கோடாக இழுத்து, 37 டிகிரியில் இன்குபேட்டருக்குள் வைப்போம். ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும் என்று பாடப்புத்தகம் பெருமையாகச் சொல்லும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக அது சேர்வதற்கு ஒரு ராத்திரி வேண்டும். இரண்டாம் நாள் அந்தப் புள்ளியைத் தொட்டு இண்டோல், சிட்ரேட், யூரியேஸ் என்று வரிசையாகக் குழாய்களில் இறக்குவோம். இன்னொரு தட்டில் ஆன்டிபயாடிக் வில்லைகளை ஒட்டுவோம். அதற்கும் ஒரு ராத்திரி. மூன்றாம் நாள் காலையில் சிவப்பு வளையம் வந்திருக்கிறதா, பச்சை நீலமாகியிருக்கிறதா என்று பார்த்து, வில்லையைச் சுற்றியிருக்கும் வெற்று வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து, ரிப்போர்ட் எழுதுவோம். அதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார். இல்லையென்றால் வெறுமனே போயிருப்பார்.

இப்போது, ஓய்வுபெற்ற பிறகு, ஆலோசகர் என்ற பெயரில் வாரத்தில் சில நாள் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்வருகிறேன். அங்கே மால்டி-டாஃப் என்றொரு இயந்திரம் இருக்கிறது. விலை கோடி ரூபாய்க்கு மேல். தனி ஏ.சி. அறை, தனி யு.பி.எஸ்., செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தட்டில் வளர்ந்த புள்ளியை ஓர் உலோகத் தகட்டில் தடவி, மேலே ஒரு சொட்டு ரசாயனம் விட்டு உள்ளே தள்ள வேண்டும். லேசர் கதிர் பட்டதும் கிருமியின் புரதங்கள் பறக்கும். எது எத்தனை வேகமாக மறுமுனைக்கு வந்து சேர்ந்தது என்பதிலிருந்து அவற்றின் எடையைக் கணக்கிட்டு, தன் நினைவிலிருக்கும் அடையாளங்களோடு ஒப்பிட்டு, சில நிமிடங்களில் இயந்திரம் பெயரைச் சொல்லிவிடும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சிதறாமல் லேசரால் பறக்கவைக்கலாம் என்று காட்டிய ஜப்பானியப் பொறியாளர் கோய்ச்சி தனாகாவுக்கு 2002இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இவ்வளவு பெரிய இயந்திரத்துக்குக் கிருமியை எடுத்து ஊட்டுவது எதைக் கொண்டு என்று நினைக்கிறீர்கள்? பல் குத்தும் குச்சி. ஓட்டல் கல்லாவில் சோம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்களே, அதே குச்சி. ஆட்டோகிளேவில் போட்டு எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த இயந்திரத்துக்கும் ஓர் இடறல் உண்டு. ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் அதனால் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டின் புரதங்களும் அவ்வளவு ஒத்திருக்கும். ஒன்று நம் எல்லார் குடலிலும் வாடகை இல்லாமல் குடியிருப்பது. மற்றது சீதபேதி கொடுப்பது. அந்தக் கட்டம் வந்ததும் அங்கே வேலை பார்க்கும் டெக்னீஷியன் பெண் அலமாரியைத் திறந்து, நான் எண்பதுகளில் பார்த்த அதே குழாய்களை எடுக்கிறாள். அதற்கு ஒரு ராத்திரி.

அன்றைக்கு எங்கள் துறைக்குப் புரொபசர் தலைவர் என்று கல்லூரிக் கல்வெட்டில் இருந்தது. துறை நடந்ததோ மீடியா ரூம் அண்ணாச்சியால். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆட்டோகிளேவ் மூடியைத் திறக்கும்போது வரும் வாசனையை வைத்தே அகார் பதமாகிவிட்டதா, தீய்ந்துவிட்டதா என்று சொல்வார்.

"அண்ணாச்சி, தட்டு இன்னிக்கு இளகலா இருக்கே?"

"நேத்து ரெண்டு தடவ கரண்டு போச்சு டாக்டரம்மா. பாசி என்ன செய்யும், பாவம்?"

அவருக்கு அகார் என்ற பெயரே கிடையாது; பாசிதான். அது சரியும்கூட. பாம்பன், ராமேஸ்வரம் கடலில் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் காய்ச்சித்தான் மதுரைப் பக்கத்துத் தொழிற்கூடங்களில் அகார் எடுத்தார்கள். இந்தப் பாசி சோதனைக்கூடத்துக்குள் வந்த கதையிலும் ஒரு பெண் இருக்கிறார். ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்த்துப் பார்த்தார்கள். வெயில் காலத்தில் அது உருகி ஓடியது. அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, 1881இல், தான் சமையலறையில் ஜெல்லிக்குப் பயன்படுத்தும் அகாரைப் போட்டுப் பாருங்களேன் என்றார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த அண்டைவீட்டுக்காரர்களிடம் அவர் கற்ற கைப்பக்குவம் அது. நம்மூரில் நோன்பு நாளில் கடல்பாசி கிண்டுகிறார்களே, அந்தச் சமாசாரம். 1887இல் ஒரு மூடிபோட்ட தட்டைக் கொண்டுவந்த பெட்ரியின் பெயர் இன்றைக்கும் எல்லா மருத்துவ மாணவர் வாயிலும் புழங்குகிறது. தட்டுக்குள் இருக்கும் பண்டத்தைக் கொடுத்த அம்மாளின் பெயரைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை.

ரத்த அகாருக்கு ரத்தம் வேண்டுமே? கல்லூரி விலங்குக் கூடத்தில் ஒரு செம்மறியாடு இருந்தது. துறையின் நிரந்தர ஊழியர். அதன் கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து, கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் விட்டு, உறைந்துவிடாமல் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். குலுக்குவது முதலாண்டு பி.ஜி.யின் பொறுப்பு, எம்.டி. படிக்க வந்ததே அதற்குத்தானோ என்று தோன்றும். ஆட்டுக்கு ரத்தசோகை கண்டால் பிளட் பேங்கில் தேதி முடிந்த மனித ரத்தம் வரும். அந்தக் கொடையாளி என்னென்ன மாத்திரை விழுங்கியிருந்தாரோ, அவர் ரத்தத்தில் எந்தெந்தக் கிருமிக்கு எதிர்ப்பொருள் இருந்ததோ. சில கிருமிகள் அந்த வாரத் தட்டுகளில் முரண்டு பிடிக்கும். "ஆடு தேறி வரட்டும்" என்பார் அண்ணாச்சி.

காசநோய்க் கிருமிக்கு லோவன்ஸ்டீன்-ஜென்சன் ஊடகம். அதற்கு முட்டை, மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து. கிளிசரின், உப்புகள், மாலகைட் பச்சைச் சாயம் எல்லாம் கலந்து, சிறு புட்டிகளில் சாய்த்துவைத்து, 80 டிகிரிக்கு மேல் சூடுகாட்டி உறையவைக்க வேண்டும். ஒருமுறை தணிக்கைக்கு வந்தவர் ரெஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "மைக்ரோபயாலஜிக்கு எதுக்குய்யா இத்தன முட்ட? ஒடச்ச ஓட்டுக்குக் கணக்கு இருக்கா?" என்று கேட்டார். அண்ணாச்சி பணிவாக, "அடுத்த வாட்டி எடுத்து வைக்கேன் சார்" என்றார். எடுத்தும் வைத்தார், கோணிச் சாக்கில். ஒரு மாதத்தில் அந்தத் தாழ்வாரம் முழுக்க வீச்சம் பரவி, டீனே மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, முட்டைக்கு ஓட்டுக் கணக்குத் தேவையில்லை என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

அந்த முட்டை ஊடகத்தின் செய்முறையில் ஒரு நிபந்தனை உண்டு: கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கக் கூடாது. அன்று அதைப் படித்துவிட்டுச் சிரித்தோம். கோழிக்கு யார் மருந்து கொடுப்பார்கள், மனுஷனுக்கே கிடைக்காதபோது? 2019இல், தீனியில்கூட கோழிக்குக் கொலிஸ்டின் போடாதீர்கள் என்று மத்திய அரசு தடை ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது.

கொலிஸ்டின் கதை தனி. நான் படித்த பார்மகாலஜி புத்தகத்தில் அதற்கு இரண்டு மூன்று வரிதான்: சிறுநீரகத்தைக் கெடுக்கும், வேறு நல்ல மருந்துகள் வந்துவிட்டன, ஒதுக்கப்பட்டது. இன்றைக்கு ஐ.சி.யூ.வில் வெண்டிலேட்டரில் இருப்பவரின் கிளெப்சியெல்லா ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் முழுக்க 'ஆர்', 'ஆர்', 'ஆர்', அதாவது மருந்து கேட்காது. கடைசி வரியில் கொலிஸ்டின், ஓய்வூதியக்காரரைத் திரும்ப வேலைக்கு அழைத்த கணக்காக. அதைச் சோதிக்க வில்லையும் பயன்படாது. மூலக்கூறு பெரியது, அகாரில் சரியாகப் பரவாது. மருந்தைப் படிப்படியாக நீர்க்கவைத்து, ஒவ்வொரு குழியிலும் கிருமியை விட்டு, எந்தக் குழியில் வளர்ச்சி நின்றது என்று பார்க்க வேண்டும். வில்லைகள் புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் இருந்த முறை. இத்தனையும் செய்து முடித்தால், இந்தச் சோதனைகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. 2020இல் கொலிஸ்டினுக்கு 'எஸ்', அதாவது கேட்கும், என்று எழுதுவதையே எடுத்துவிட்டது. ஆகச் சிறந்த முடிவே 'ஐ', அதாவது இடைப்பட்டது. எங்கள் காலத்தில் வில்லைகளை வாட்மன் தாளில் பஞ்சிங் மெஷினால் குத்தியெடுத்து, நாங்களே மருந்தில் ஊறவைத்தோம். ஆம்பிசிலின், ஜென்டாமைசின், கோட்ரைமாக்சசோல், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால். ஐந்தாறு பெயர், அதில் இரண்டு மூன்றாவது கேட்கும். இப்போது பட்டியலில் இருபதுக்கு மேல் மருந்து அச்சாகிறது. பட்டியல் நீளநீள மருத்துவருக்குத் தேர்வு குறைகிறது.

குளோராம்பெனிகாலைச் சொன்னேன். டைபாய்டுக்கு அதுதான் அன்று சர்வரோக நிவாரணி. 1972இல் கோழிக்கோட்டில் அதற்குக் கட்டுப்படாத டைபாய்டு கிளம்பியபோதே மணி அடித்தது. தொண்ணூறுகள் பிறக்கும்போது ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோலையும் சேர்த்துக் கைவிட வேண்டியதாயிற்று. சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது; சில வருடங்களில் அதற்கும் கிருமி பழகிக்கொண்டது. பிறகு ஊசியில் செஃப்ட்ரையாக்சோன். இதற்கிடையே யாரும் குளோராம்பெனிகாலைத் தொடாமலே விட்டதால் கிருமி அதை மறந்துவிட்டது. இப்போது சோதித்தால் பெரும்பாலான டைபாய்டு கிருமி அதற்கு மடங்குகிறது. இதைக் கேட்டு உற்சாகமான ஓர் இளம் மருத்துவர் சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார். நோயாளியின் மகன் ஊரெல்லாம் அலைந்துவிட்டு வந்து, "எந்தக் கடையிலும் காப்சூல் வர்றதே இல்லையாம் மேடம். கண்ணுல விடுற சொட்டு மருந்து வேணா இருக்காம்" என்றார்.

டைபாய்டு என்றால் வைடால். பாரிஸில் ஃபெர்னான்ட் வைடால் 1896இல் சொன்ன சோதனை. நோயாளியின் ரத்த நீர் டைபாய்டு கிருமியைத் திரளவைக்கிறதா என்று பார்ப்பது. நல்ல சோதனைதான், டைபாய்டே இல்லாத ஊரில். நம் ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எவருடைய ரத்தத்திலும் அந்த எதிர்ப்பொருள் கொஞ்சம் கிடக்கும். அதனால் ஒருமுறை பார்ப்பதில் பெரிய அர்த்தமில்லை. ஏழு முதல் பத்து நாள் விட்டு மறுபடி எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வருடாவருடம் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினேன். என்னிடம் படித்து முதல் மதிப்பெண் வாங்கியவர்களும் வெளியே போனதும் ஒருமுறை எடுத்து, 'வைடால் பாசிட்டிவ்' என்று ஊசி போட்டார்கள். "எனக்கு வருஷம் தவறாம டைபாய்டு வரும் டாக்டர்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் தமிழ்நாட்டில் தெருவுக்கு நாலு பேர். இப்போதைய மருத்துவமனையில் 'ஃபீவர் பேக்கேஜ்' என்று ஒன்று விற்கிறார்கள். டெங்கு ஆன்டிஜென், மலேரியா கார்டு, ரத்தக் கல்ச்சர், ஒரு பி.சி.ஆர். இவற்றின் நடுவே, 125 வருடத்துக்கும் மேலாக ஓய்வறியாத வைடால். எடுத்துவிடலாமே என்று கூட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். "மேடம், பேஷன்ட்டே கேக்குறாங்க, வைடால் பாக்கலியான்னு" என்று பதில் வந்தது.

பெயர் வைக்கிற விவகாரமும் எங்கள் துறையில் தமாஷானது. 1992 கடைசியில் சென்னையில் வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் வழக்கமான காலராக் கிருமி மாதிரியே ஒரு விப்ரியோ கிளம்பியது. மலம் அரிசி கழுவிய தண்ணீர்தான், நுண்ணோக்கியில் அதே மின்னல் ஓட்டம், டி.சி.பி.எஸ். தட்டில் அதே மஞ்சள் புள்ளி. ஆனால் காலராவுக்கென்று கையிலிருந்த ஓ1 எதிர்ச்சீரத்தைச் சேர்த்தால் திரளவில்லை. பாடப்புத்தகப்படி ஓ1 அல்லாதது கொள்ளைநோயாகப் பரவக் கூடாது. கிருமி பாடப்புத்தகம் படித்திருக்கவில்லை. சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் என்று படர்ந்தது. ஓ139 என்று எண் கொடுத்து, 'பெங்கால்' என்று பெயரும் வைத்தார்கள், வங்காள விரிகுடாக் கரையோரம் தோன்றியது என்பதால். மெட்ராஸ்காரர்களுக்கு இதில் வருத்தமே இல்லை. வங்காளிகளும் நாடாளுமன்றத்தைக் கூட்டவில்லை.

2010இல் கதை வேறு. புது தில்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடனுக்குப் போன ஒருவரிடம் முதலில் கண்ட நொதி என்பதால் என்.டி.எம்-1, அதாவது நியூ டெல்லி, என்று பெயரிட்டிருந்தார்கள். கார்பாபெனம் என்கிற கடைசிக் கட்ட மருந்துகளையே உடைத்துப்போடும் நொதி. அந்த ஆண்டு லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழில் வந்த கட்டுரையில் சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அது இருந்ததாகச் சொல்லப்பட்டது. முதல் பெயர், சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. நாடே கொதித்தது, பெயரைப் பற்றி. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். கிருமியைப் பற்றிக் கவலைப்பட்ட மருத்துவர்கள் 2012இல் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டார்கள். கடையில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதற்குக் கடிவாளம் போடும் அட்டவணை எச்1 அதற்குப் பிறகு வந்தது. என் தெருமுனைக் கடைக்காரர் அந்த அட்டவணையை மதிக்கிறவர். செஃபிக்சிம் கொடுக்கும்போது, "ரிஜிஸ்டர்ல எழுதணும்கா, உங்க டாக்டர் பேரு என்னான்னு போடட்டும்?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்.

ஐஸ்பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது ஒரு மாதிரி ஊர்விட்டு ஊர் போவதென்றால் மூன்றடுக்குப் பொதி, வெப்பநிலையை நிமிடவாரியாகக் குறித்துக்கொள்ளும் கருவி, ஒப்புகைப் படிவம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பி.ஜி. மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதெல்லாம் இல்லை. பேராசிரியர் சுனிதி சாலமன் எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று தேடச் சொன்னபோது, நம் ஊர் ஒழுக்கமான ஊர், இங்கெல்லாம் வராது என்பதுதான் பொது அபிப்பிராயம். நிர்மலா பாலியல் தொழிலாளர்களைத் தேடிப்போய் ரத்தம் எடுத்தார். சீரத்தை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். எலைசா செய்யும் வசதி சென்னையில் இல்லை; ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கணவரோடு ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குப் போனார். சில குழிகள் மஞ்சளாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. எங்கள் துறையில் இந்தச் செய்தி வந்த அன்று யாரும் அதிகம் பேசவில்லை. மறுநாள் அண்ணாச்சி, வாயால் உறிஞ்சும் கண்ணாடிப் பிப்பெட்டுகளுக்குப் பதிலாக ரப்பர் பல்பு கேட்டு இண்டென்ட் எழுதச் சொன்னார். ரப்பர் பல்பு வந்து சேர்ந்தபோது எனக்கு இடமாற்றல் ஆகியிருந்தது.

காசநோய்க்கு அன்று சளியில் சீல்-நீல்சன் சாயம். கல்ச்சர் என்றால் அந்த முட்டைப் புட்டியில் எட்டு வாரம் வரை. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த எக்ஸ்பெர்ட் சோதனை இரண்டு மணி நேரத்தில் கிருமி உண்டா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று இரண்டையும் சொல்லிவிடுகிறது. கோவாவில் செய்த ட்ரூநாட் பெட்டி ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை வந்துவிட்டது. இதில் எனக்கு எந்த ஏளனமும் இல்லை. எட்டு வாரம் காத்திருந்தவர்களின் முகம் எனக்குத் தெரியும். இடையில் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். பார்த்துக் காசநோய் சொல்கிறோம் என்று ஒரு வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் அது கூடவே கூடாது என்றது. 2012இல் அரசு தடை செய்தது. அதுவரை அதற்குப் பணம் கட்டியவர்கள் ரிப்போர்ட்டை லேமினேட் செய்துகூட வைத்திருந்தார்கள்.

நாற்பது வருடம் என் மாமியார், என்னை "ரத்தம் டெஸ்ட் பண்ற எடத்துல இருக்கா" என்றுதான் உறவினர்களுக்கு அறிமுகம் செய்தார். 2020இல் கொரோனா வந்து அது மாறியது. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் சி.டி. வேல்யூ 28 என்றால் நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்டார். இளைய சகாக்கள் டி.வி.யில் வந்தார்கள். பி.சி.ஆர். இயந்திரமே கண்டிராத மாவட்டங்களுக்கெல்லாம் ஒன்றுக்கு இரண்டாக வந்திறங்கின. அந்த இரண்டு வருடம் முடிந்ததும் மாமியார் பழையபடி ஆனார்.

இவ்வளவு வேகம் வந்துவிட்டது. ரத்தக் கல்ச்சர் புட்டிகளை அன்று நாங்கள் தினமும் காலையில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம், கலங்கியிருக்கிறதா என்று. இப்போது இயந்திரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே பார்த்துக்கொள்கிறது. கிருமி மூச்சுவிட்ட கரியமில வாயு அடியிலுள்ள வில்லையின் நிறத்தை மாற்றியதும் கூப்பாடு போடுகிறது. ஆனால் அந்தப் புட்டி வார்டிலிருந்து லேபுக்கு வரும் வழியில்தான் பழைய மூன்று நாள் குடிபெயர்ந்திருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு எடுத்த ரத்தம் நர்ஸிங் ஸ்டேஷன் மேசையில் விடியும்வரை உட்கார்ந்திருக்கும், கொண்டுபோகும் பையன் ஷிப்ட் மாறிவிட்டான் என்பதற்காக. பெரியவர்களுக்குப் புட்டிக்கு எட்டிலிருந்து பத்து மில்லி ரத்தம் வேண்டும். "வயசானவங்க, பாவம் மேடம்" என்று மூன்று மில்லியோடு இரக்கம் காட்டிவிடுவார்கள். அதற்கும் முன்னால் மெரோபெனம் என்கிற ஆன்டிபயாடிக் ஏறியிருக்கும். சளி கேட்டால் எச்சில் வரும். நுண்ணோக்கியில் வாயின் தோல் செல்களாக மிதக்கும். திருப்பி அனுப்பினால் அதே ஆளிடமிருந்து அதே எச்சில், இம்முறை புதிய பார்கோடோடு.

போன மழைக்காலத்தில் ஒரு அம்மாள். எட்டு நாள் காய்ச்சல், எங்கள் பேக்கேஜ் முழுவதும் முடிந்துவிட்டது, வைடால் உள்பட. எதிலும் ஒன்றுமில்லை. இன்னும் பெரிய பி.சி.ஆர். பட்டியல் ஒன்றுக்குச் சீட்டு வந்தது. அதன் விலை அந்தக் குடும்பத்தின் மாதச் செலவைவிட அதிகம். நான் வார்டுக்குப் போய், நர்ஸை அருகில் வைத்துக்கொண்டு, புடவையை விலக்கிப் பார்க்கச் சொன்னேன். மார்புக்குக் கீழே, மடிப்புக்குள், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. உண்ணிக் காய்ச்சல். புதர்க்காட்டுச் சிறு பூச்சி கடித்த இடம். டாக்சிசைக்ளின் கொடுத்தால் அடங்கிவிடும், மாத்திரை சில ரூபாய். அந்த வியாதிக்கு 1916இல் வந்த வெய்ல்-ஃபெலிக்ஸ் சோதனையை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். ரொம்பச் சுமாரான சோதனை. ஆனால் அது சுமார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் உடம்பைப் பார்த்தார்கள். அன்றைய மெடிசின் சீஃப் ஒருவர், ரவுண்ட்ஸ் முடிந்ததும் பி.ஜி. பட்டாளத்தோடு மாடியிறங்கி எங்கள் லேபுக்கே வந்துவிடுவார். "என்னம்மா, என் ஆளு என்ன சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டே ஸ்லைடில் கண்ணை வைப்பார். கிராம் சாயத்தில் ஊதாச் சங்கிலி தெரிந்தால் அங்கேயே நின்று மருந்தை மாற்றி எழுதுவார். மூன்றாம் நாள் ரிப்போர்ட் போகும்போது நோயாளிக்கு மூன்றாம் நாள் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது யாரும் இறங்கி வர வேண்டியதில்லை. லேபுக்கு 'கிரிட்டிக்கல் அலர்ட்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. ஒருநாள் ராத்திரி இரண்டே முக்காலுக்கு ஒரு ரத்தப் புட்டி கூவியது. பணியிலிருந்த டெக்னீஷியன் பெண் ஓடிப்போய் கிராம் சாயம் போட்டு, சிவப்புக் குச்சிகளைப் படமெடுத்து, படுக்கை எண்ணோடு மூன்று மணிக்குக் குழுவில் அனுப்பிவிட்டாள். காலை பத்தரைக்கு நான் வந்து பார்த்தால் நோயாளிக்கு அந்தக் குச்சிகளைத் தொடவே தொடாத மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பொறுப்பு டாக்டரைப் போனில் பிடித்தேன். நல்ல பையன், சுறுசுறுப்பு.

"தம்பி, ராத்திரி மெசேஜ் பாக்கலியா?"

"பாத்தேனே மேடம். உடனே தம்ஸ்-அப் போட்டேனே."

போட்டிருந்தார். மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு. அவருக்கு மேலே இன்னும் நான்கு பேர் போட்டிருந்தார்கள்.